தில்லி வீட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்று



வடநாட்டில் குடியேறிய தமிழர் வீடுகளில் இன்று அரிசிக்கோ, உளுந்துக்கோ, புளிக்கோ பஞ்சமில்லை. தாளிக்கும் வேளையில் கை தேடுகிற கறிவேப்பிலைதான் இன்னமும் நம்மைச் சோதிக்கிறது. கடையில் வாங்கும் கொத்து பெரும்பாலும் வாடியிருக்கும். இரண்டு நாளில் கறுத்தும் போய்விடும். வீட்டிலேயே ஒரு தொட்டியில் வளர்த்துவிடலாம் என்று எண்ணியவர் பலர். வளர்த்துக் காட்டியவர் சிலர். அதற்குக் காரணம் என்ன, விதையிலிருந்து இச்செடியை வீட்டுக்குள் எவ்வாறு காப்பாற்றி எடுப்பது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் என் தோல்வியையே சொல்லிவிடுகிறேன். தில்லிக்கு வந்த புதிதில், ஊரிலிருந்த என் தமக்கையார் கறிவேப்பிலை விதைகளை அனுப்பிவைத்தார். கீரை விதையை உலர்த்துவது போலவே நாலு நாள் வெயிலில் காயவைத்து, காகிதத்தில் பொட்டலம் கட்டியிருந்தார். நான் அதைப் பத்திரமாக அலமாரியில் வைத்திருந்து, குளிர் தணிந்து மாசி பிறந்ததும் ஊன்றினேன். இருபது விதையில் ஒன்றுகூட முளைக்கவில்லை. மண்ணைக் குறைகூறி மண்ணை மாற்றினேன். நீர் போதவில்லை என்று எண்ணி நீரை மிகுதியாக்கினேன். உண்மையில் நான் ஊன்றியவை உயிர் போன விதைகள்.

விதைகளில் இரு வகை உண்டு. நெல், உளுந்து, கீரை ஆகியவற்றின் விதை நன்றாகக் காய்ந்தால்தான் நிலைக்கும். மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளும். மா, பலா முதலியவற்றின் விதைக்கு இந்த உறக்கம் கிடையாது. உள்ளே உள்ள ஈரம் வற்றினால் அது மடிந்துபோகும். கறிவேப்பிலை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பழத்தை விட்டுப் பிரிந்த விதை சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தியை இழந்துவிடுகிறது. ஆகையால், ஊருக்குப் போய்வரும் அன்பர்கள் காய்ந்த விதையை மூட்டை கட்ட வேண்டாம். நன்கு கறுத்துப் பழுத்த பழங்களையே பறித்து, ஈரத்துணியில் சுற்றி, காற்றுப் புகும் சிறு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து தில்லிக்கு இரண்டு இரவு இரயில் பிரயாணம். அதைப் பழம் தாராளமாகத் தாங்கும். வேரோடு செடியைக் கொண்டுவருவதைவிட இது மேலானதும்கூட. ஏனெனில், ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களில் நோயைப் பரப்பும் ஒரு சிறு பூச்சி கறிவேப்பிலைத் தளிரிலும் முட்டையிட்டு வாழ்வது. செடியோடு அதுவும் வந்து சேரும்.

ஊரிலிருந்துதான் பழம் வரவேண்டும் என்பதும் இல்லை. இச்செடி வடநாட்டுக்கு அந்நியமானதன்று. இமயமலை அடிவாரக் காடுகளில் இது தானாகவே முளைத்து வளர்கிறது. இந்தி பேசுவோர் இதனை ‘மீட்டா நீம்’ என்றும் ‘கடி பத்தா’ என்றும் சொல்வார்கள். வெறுமே ‘நீம்’ என்று கேட்டால் வேப்பங்கன்று கைக்கு வரும், எச்சரிக்கையாக இருங்கள். வேம்பு வேறு குடும்பம். கறிவேப்பிலை எலுமிச்சையின் குடும்பம். இதன் தாவரவியல் பெயரில் உள்ள ‘கோனிகீ’ என்ற சொல், தரங்கம்பாடியில் மருத்துவராகப் பணிபுரிந்து 1785-இல் காலமான கோனிக் என்ற தாவர அறிஞரை நினைவூட்டுவது. வடநாட்டு மரங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் பழம் கிடைக்கும். நல்லவேளையாக, ஊன்றுவதற்கு ஏற்ற பருவமும் அதுவே.

இனி ஊன்றும் முறை. பழத்தைப் பிதுக்கிச் சதையை நீக்கி, விதையைக் கழுவி அன்றே ஊன்றிவிடுங்கள். இரண்டு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்கு மக்கிய எரு ஆகியவற்றைக் கலந்துகொள்க. அடியில் துளையுள்ள சிறிய தொட்டிகளே போதும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையை வைத்து, மண் ஈரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும், சேறாகக் கூடாது. மழைக்கால வெப்பத்தில் ஏறக்குறைய மூன்று வாரத்தில் முளை தலைகாட்டும். சில விதைகள் இன்னும் தாமதிக்கும். பொறுமை இழந்து மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள்.

முளைத்த பின் முக்கியமானது ஒளி. வெளிச்சம் போதாத கன்று வெளிறிப்போய், கொடி போல் நீண்டு, ஜன்னல் பக்கம் சாயும். தெற்கு நோக்கிய ஜன்னலே குளிர்காலத்தில் சிறந்தது. மார்கழியில் உச்சிப்பொழுதிலும் சூரியன் தில்லியில் 38 பாகை உயரத்துக்குத்தான் எழுகிறது. சென்னையிலோ 53 பாகை. தாழ்ந்து செல்லும் அந்த வெயில் தெற்கு ஜன்னல் வழியே வீட்டுக்குள் வெகுதூரம் வரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டியைச் சற்றே திருப்பிவைத்தால் கன்று நேராக வளரும். அத்தகைய ஜன்னல் இல்லாத வீட்டில், வெண்ணிற எல்.ஈ.டி. விளக்கைக் கன்றுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடலாம்.

விதையின் ஈரம் முதல் சோதனை என்றால், முதல் குளிர்காலம் இரண்டாவது சோதனை. ஆவணியில் ஊன்றிய கன்று மார்கழி வரும்போது நாலைந்து இலைகளோடு பாலகனாகவே இருக்கும். தில்லியில் சனவரி இரவுகளில் வெப்பநிலை சராசரியாக 7 டிகிரிக்கு இறங்குகிறது. சில நாட்களில் அதற்கும் கீழே போகும். வெளியே விட்டால் இளங்கன்று பிழைப்பது அரிது. கார்த்திகை பாதியிலேயே உள்ளே எடுத்துவிட வேண்டும். இரவில் ஜன்னல் கண்ணாடி குளிர்ந்துவிடுமாதலால் இலை கண்ணாடியைத் தொடாதபடி நகர்த்திவையுங்கள். மின்கணப்பின் அருகிலும் வைக்கலாகாது. அதன் வறண்ட காற்று இலையைக் கருக்கிவிடும்.

குளிர்காலத்தில் செடியின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோகும். இலைகள் மஞ்சளித்து உதிர்வதும் உண்டு. இதைக் கண்டு அஞ்சி, அன்பு மிகுதியால் நாள்தோறும் நீர் ஊற்றுகிறோம். குளிரில் வேர் நீரை உறிஞ்சுவது சொற்பமாகையால், தேங்கிய நீரில் வேர் அழுகிப்போகும். குளிருக்குத் தப்பிய கன்றுகள் பல இவ்வாறே நம் கையால் மடிகின்றன. விரலை மண்ணுக்குள் ஒரு கணு நுழைத்துப் பாருங்கள். அங்கும் ஈரமில்லை என்றால் மட்டும் நீர் விடுங்கள். இந்நாட்களில் எரு எதுவும் இட வேண்டாம். இலையெல்லாம் உதிர்ந்த கன்றையும் உடனே பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். நகத்தால் தண்டைச் சிறிதே கீறினால், உள்ளே பச்சை தெரியும் வரை அதற்கு உயிர் இருக்கிறது.

மாசி பிற்பகுதியில் தளிர் விடும். அப்பொழுது சிறிது எருவிட்டு, முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று பத்து நாட்களில் படிப்படியாக வெயிலுக்குப் பழக்குங்கள். துளை வழியே வேர் எட்டிப் பார்த்தால் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். வைகாசி, ஆனியில் வீசும் ‘லூ’ என்னும் அனற்காற்றின்போது பிற்பகலில் நிழல் தேவை. தளிரில் பறவையின் எச்சம் போலத் தோன்றும் புழு இருந்தால், அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. கையால் எடுத்து அப்புறப்படுத்தினால் போதும்.

முதல் ஆண்டு இலை பறிக்க ஆசைப்படக் கூடாது. கன்று ஓரடி உயர்ந்ததும் நுனியை மட்டும் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் வெடிக்கும். பிறகு பறிக்கும்போது இலை இலையாக உருவாமல், ஈர்க்கோடு பறிக்க வேண்டும்.

என் தமக்கையார் இப்பொழுது விதையை உலர்த்துவதில்லை. மறு ஆண்டு ஆடியில், தில்லிக்கு வந்த உறவினர் ஒருவரிடம் பழமாகவே கொடுத்தனுப்பினார். ஊன்றிய பத்தில் ஆறு முளைத்தன. அவற்றில் இரண்டு அந்தக் குளிரைத் தாண்டின. ஒன்று எங்கள் ஜன்னலில் நிற்கிறது. மற்றொன்றை மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மையாருக்குக் கொடுத்தேன். அவர் வீட்டுக் கடியில் இன்று அதன் இலைதான் மிதக்கிறது.