பொதுத் தேர்தலும் வன்னிக் கமக்காரரும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் உள்ளது முரசுமோட்டை. இரணைமடுக் குளத்து நீரால் விளையும் ஊர். பொதுத் தேர்தல்கள் பிரதேச அரசியலையும் பிறநாட்டுறவையும் மாற்றும் விதத்தை ஆராய்வோர் தலைநகரையே நோக்குவர். நாம் இவ்வயற்கரையினின்று நோக்குவோம்.

1970 மே மாதத் தேர்தலில் ஐக்கிய முன்னணி 151 தொகுதி இடங்களுள் 116 ஐ வென்றது. கிளிநொச்சித் தொகுதியோ தமிழ்க் காங்கிரசைச் சேர்ந்த வீ. ஆனந்தசங்கரியைத் தெரிவுசெய்தது. புதிய அரசு கிழக்கு ஜேர்மனியையும் வட கொரியாவையும் அங்கீகரித்தது. இஸ்ரேலுடனான உறவை நிறுத்தியது. அந்நியச் செலாவணி அருகியமையால் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதியையும் கட்டுப்படுத்தியது. செத்தல் மிளகாயின் விலை ஏறிற்று. கிளிநொச்சி, விசுவமடுப் பகுதிகளின் மேட்டுக்காணிகள் மிளகாய்த் தோட்டங்களாயின. தாம் வாக்களியாத அரசினாலேயே கமக்காரர் வாழ்வு பெற்றனர் என்பது விந்தையே.

ஆயினும் அவ்வரசே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைப் புகுத்தியது. பின்வந்த மாவட்ட ஒதுக்கீட்டினால் அயலிலுள்ள வவுனியா மாவட்டம் சிறிது நன்மை எய்தியது. கிளிநொச்சி அந்நாளில் யாழ்ப்பாண மாவட்டத்துள் அடங்கியிருந்தமையால் அந்நன்மை இங்கு எட்டவில்லை. தந்தையின் தோட்டம் செழிக்க, மைந்தனின் கல்வி வழி குறுகிற்று. 1972 ஆம் ஆண்டின் குடியரசு யாப்பும் சேர்ந்துகொள்ள, பகைத்து நின்ற தமிழ்க் கட்சிகள் ஓரணியாயின.

1977 ஜூலையில் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களுள் 140 ஐப் பெற்றது. இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டது. மிளகாய் விலை வீழ்ந்தது. சுதந்திரக் கட்சி 8 இடங்களாகச் சுருங்க, 18 இடங்களை வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். நாட்டின் நோக்கு மேற்குலகின்பால் திரும்பிற்று.

தேர்தலே அனைத்தையும் ஆக்குவதென்று கொள்ளலும் பிழையாம். பொதுவுடைமையை வெறுத்த அரசே 1952 இல் அரிசித் தட்டுப்பாட்டினால் சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது. தூதுறவு மட்டும் 1956 ஆட்சிமாற்றத்தின் பின்னர் 1957 இலேதான் ஏற்பட்டது.

அயல்நாட்டார் வாக்கும் நம்மைத் தொடும். மொரார்ஜி தேசாயுடன் இணங்கியிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனாவுக்கு, 1980 ஜனவரித் தேர்தலில் வென்று மீண்ட இந்திரா காந்தியுடன் அவ்விணக்கம் வாய்க்கவில்லை. 1983 கலவரத்தின் பின் இந்தியா நேரே தலையிட்டது. 1987 ஜூலை 29 இல் உடன்படிக்கை கைச்சாத்தாகி, அதன்வழி மாகாண சபைகள் எழுந்தன. எனினும், வட மாகாணத்துக்கெனத் தனியே அமைந்த சபைக்கு மக்கள் வாக்களித்தது 2013 செப்டெம்பரிலேதான்.