கறுப்புக் கோட்டின் விலை

மரப்பிடி வில்லில் அழகுக்காகச் சேர்க்கப்படும் மரத்தைத் தேர்ந்தெடுப்பது ரசனையோடு முடிகிற விஷயமல்ல. பசை, வெயில், சட்டம் எல்லாம் குறுக்கே வருகின்றன.

தில்லியில் மரம் வேண்டுமென்றால் எல்லோரும் கைகாட்டும் இடம் கீர்த்தி நகர். கட்டிலுக்கும் கதவுக்கும் கன அடிக் கணக்கில் மரம் போகும் அந்தச் சந்தையில், ஒரு முழ நீளத் துண்டு போதும் என்று கேட்பவர் பெரிய வாடிக்கையாளர் அல்ல. ஆனால் தன் கைக்கேற்ற ஒரு ரிகர்வ் வில்லைச் செய்துகொள்ள நினைப்பவருக்கு அந்த ஒரு முழத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

ரிகர்வ் என்பது நுனிகள் வில்லாளியை விட்டு முன்பக்கமாக வளைந்திருக்கும் வில். ஒலிம்பிக்கில் இடம்பெறும் வகை இது. 2010 காமன்வெல்த் போட்டிகளின்போது தில்லியின் யமுனா விளையாட்டு வளாகத்தில் தீபிகா குமாரி இரண்டு தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். பெரிய போட்டிகளில் இப்போது வில்லின் நடுப்பகுதி, அதாவது ரைசர் எனப்படும் பிடி, பெரும்பாலும் அலுமினியக் கலவை. 1970களில் உலோகம் உள்ளே வந்து மரத்தை மெல்ல வெளியே தள்ளியது. மரப்பிடி இன்று இரண்டு தரப்பாரிடம் மிஞ்சியிருக்கிறது. ஒன்று, கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள். மற்றது, வில் என்றால் கையில் பிடிக்கும்போது மரமாக இருக்கவேண்டும் என்று அடம்பிடிக்கும் ஆர்வலர்கள். இரண்டாம் தரப்புதான் பிடியின் நடுவே மாற்று நிறத்தில் ஒரு கோடு ஓடவேண்டும் என்று கேட்கிறது.

பழுப்பு மரத்தின் நடுவே ஒரு வெளிர் கோடு. அல்லது வெளிர் மரத்தின் நடுவே ஒரு கறுப்புக் கோடு. பார்ப்பதற்குக் கோலம் போட்டதுபோல் இருந்தாலும் அது மேலே பூசியதல்ல. மரக்கட்டையை வளைவாக அறுத்து, இரண்டு பாதிகளுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையை வைத்து, எபாக்ஸி பசையில் ஒட்டி, இறுக்கிக் கட்டிக் காயவைத்த பிறகுதான் பிடி செதுக்கப்படுகிறது. அம்பு கடந்து செல்வதற்காகப் பிடியின் ஒரு பக்கம் ஏறக்குறைய நடுக்கோடு வரை வெட்டப்படும். வில்லிலேயே மெலிந்த இடம் அது. 40 பவுண்டு வில் என்றால் நாணை முழுதாக இழுத்து நிறுத்தும்போது ஏறக்குறைய 18 கிலோ இழுவையை வில்லாளியின் விரல்கள் தாங்குகின்றன. அந்த விசையில் அதிகம் திணறுவது இந்த மெலிந்த இடம். பட்டை நீளவாக்கில் ஓடி ரேகையும் ஒத்துப்போனால் அங்கே வலு கூடும். அழகுக்காகக் குறுக்கே ஒட்டினால் அதுவே முறியும் இடமாகிவிடும். முறிகிற வில் இருப்பது முகத்துக்கு மிக அருகில்.

அடிமரத்துக்கு வட இந்தியாவில் முதலில் நினைவுக்கு வருவது சீஷம். நம் ஈட்டி மரத்தின் நெருங்கிய உறவு. கனமானது, ரேகை அழகு, எளிதில் கிடைக்கும். வைரம் பாய்ந்த பகுதி கரும்பழுப்பு, அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி வெளிர்நிறம். தனியாகப் பட்டை எதற்கு, இயற்கையே இரண்டு நிறம் தந்திருக்கிறதே என்று சிலருக்குத் தோன்றலாம். அந்த வெள்ளையைத்தான் வண்டு முதலில் தேடி வரும். உளுத்துப்போன பிடியை நம்பி நாண் இழுக்க முடியாது.

எனவே பட்டைக்கு வேறு மரம். கறுப்பு என்றதும் கருங்காலி. (கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்ட உதவியதால்தான் துரோகிக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள், வில்லாளி அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.) தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம், மையைப் போன்ற நிறம். ஆனால் வளைக்கப் போனால் படக்கென்று உடையும். மெல்லிய தகடுகளாகச் சீவி அடுக்கித்தான் வளைவில் உட்காரவைக்க முடியும். வெளிர்நிறம் என்றால் மஞ்சள் கடம்பு அல்லது இறக்குமதி மேப்பிள். இலங்கைத் தமிழர் முதிரை என்றழைக்கும் மரம் பட்டுப்போல் பளபளக்கும். சிவப்புக்கு அந்தமான் படாக்.

அடுத்த தொல்லை எண்ணெய். தேக்கு, ஈட்டி போன்றவற்றில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு. தேக்கைக் கரையானிடமிருந்து காப்பாற்றுவதில் அதற்கும் பங்குண்டு. ஆனால் பசை பிடிக்கவிடாமல் செய்வதும் அதே குணம்தான். உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, எண்ணெய் மீண்டும் கசிவதற்குள் ஒட்டிவிடவேண்டும். மறுநாள் ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் வேலை வீண்.

தில்லியின் வானிலை வேறு. மே, ஜூனில் 45 டிகிரியைத் தொடும் வறட்டு வெயில், ஜூலையில் புழுக்கம். ஈரத்தை வாங்கி உப்புவதும் விட்டுச் சுருங்குவதும் மரத்துக்கு மரம் வேறுபடும். சரியாக உலராத இரண்டு மரங்களைச் சேர்த்து ஒட்டினால் ஒரே ஆண்டில் கோட்டின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படத் தொடங்கும். சென்னைவாசிக்கு ஆண்டு முழுவதும் ஈரம், அதனால் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. தலைநகர்வாசிக்கு அந்தச் சலுகை இல்லை.

பழைய தில்லிக்காரர்கள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தார்கள். முகலாயர் காலத்து வில்லில் மரம் மெல்லிய நடுத்தகடு மட்டுமே. வில்லாளியைப் பார்த்த பக்கம் எருமைக் கொம்பு, எதிர்ப்பக்கம் விலங்கின் தசைநாண். மேலே அரக்குப் பூச்சும் பொன்னிறப் பூவேலையும். அழகு முழுதும் பூச்சில் இருந்தது; மரத்தை யாரும் பார்க்கவில்லை. தமிழில் நிலைமை நேர்மாறு. 'சிலை' என்ற சொல்லுக்கு வில் என்றும் பொருள், வில் செய்யும் ஒரு மரம் என்றும் பொருள். மரமும் ஆயுதமும் ஒரே பெயரில் வாழ்ந்த மொழி இது.

சட்டத்தையும் மறக்க முடியாது. செம்மரம் 1995 முதலும், சீஷமும் ஈட்டியும் அடங்கிய மரக் குடும்பம் 2017 முதலும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. சீஷம், ஈட்டிப் பொருட்களுக்கு 10 கிலோ வரை சலுகை தர 2022இல் பனாமாவில் கூடிய மாநாடு ஒப்புக்கொண்டது. ஒரு வில் அந்த எடைக்குள் அடங்கிவிடும். செம்மரத்துக்கு அந்தத் தயவு கிடையாது. ரசீது இல்லாத செம்மரத் துண்டை வில்லில் பதித்துக்கொண்டு விமானம் ஏறுவது அசட்டுத் துணிச்சல். கறுப்புக் கோடு மட்டும் போதும் என்பவர்கள் கருங்காலியையே விட்டுவிட்டுச் சாயமேற்றிய மரத்தகட்டையோ கறுப்பு ஃபைபர் கிளாஸையோ வைத்துவிடுகிறார்கள். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அது உடையாது, எண்ணெய் கசியாது, யாரும் அனுமதிச் சீட்டு கேட்கமாட்டார்கள்.

கடைசியாக நிறம். கடையில் பார்த்த நிறம் நிலைக்காது. படாக்கின் ரத்தச் சிவப்பு வெளிச்சம் பட்டுப்பட்டுப் பழுப்பாகிவிடும். மேப்பிள் மஞ்சளிக்கும். ஈட்டி வெயிலில் வெளிறும். அடர்ந்தது வெளிறி, வெளிறியது அடர்ந்து, காசு கொடுத்து வாங்கிய வேறுபாடு சில ஆண்டுகளில் பாதியாகக் குறையலாம். அவசரப்படாதவர்கள் இரண்டு மரத்திலும் ஒவ்வொரு துண்டை வாங்கி, பாதியைக் காகிதத்தால் மூடி, தெற்கு ஜன்னலில் ஒரு கோடைக்காலம் முழுவதும் வைத்துவிடுகிறார்கள். காகிதத்தைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் பசை டப்பாவைத் திறக்கிறார்கள்.