சென்னைக்கு ஒரு நாள் வேலையா வர்றீங்களா? யார்கிட்ட, என்ன கேட்கணும்?

இது சுற்றுலா எபிசோட் இல்ல. ஊர்ல இருந்து ஒரு நாள், ரெண்டு நாள் வேலையா சென்னைக்கு வர்றவங்க இங்க இருக்கிறவங்ககிட்ட என்ன கேட்கணும், நாம என்ன சொல்லணும், அதுதான் இன்னைக்கு.

சிவகிரியை எடுத்துக்குவோம். தென்காசி மாவட்டம், மலையடிவார ஊர். ஊருக்குள்ள ரயில் கிடையாது. சங்கரன்கோவிலுக்கோ ராஜபாளையத்துக்கோ போய் பொதிகை எக்ஸ்பிரஸ் பிடிக்கணும். டிக்கெட் கிடைக்கலேன்னா ராத்திரி பஸ்தான். மறுநாள் காலையில பத்து மணிக்கு சர்டிபிகேட் சரிபார்ப்போ, இன்டர்வியூவோ, அம்மாவுக்கு ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்டோ இருக்கும். அதுக்காக இங்க இருக்கிற ஒருத்தருக்கு போன்: "அண்ணே, சென்னை வர்றேன், எப்படிப் போகணும்?" வர்ற பதில்: "கோயம்பேட்டுல இறங்கி மெட்ரோ பிடிச்சிரு தம்பி."

நல்ல மனசோட சொல்ற பதில்தான். ஆனா பழசு. 2023 டிசம்பர் 30-ல கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தாங்க. அதுக்கப்புறம் தென் மாவட்ட பஸ்ஸுக்கெல்லாம் அதுதான் கடைசி நிறுத்தம்னு ஆச்சு. கோயம்பேட்டுல வாசல்லயே மெட்ரோ இருந்துச்சு. இந்தப் பக்கம் மெட்ரோ பாதை விமான நிலையத்தோட நின்னுடுது. அங்க இருந்து சென்ட்ரல் பக்கம் போகணும்னா சுமார் 30 கிலோமீட்டர். தூக்கக் கலக்கத்துல இறங்கி, நேரா டாக்ஸி பிடிச்சா, வேலை தேடி வந்த பையனோட அன்றைய சாப்பாட்டுக் காசு அதுலயே போயிடும்.

உள்ளூர்க்காரர் ஏன் தப்பா சொல்றார்? அவர் பைக்ல போறவர். ஊருக்கு தீபாவளி, பொங்கலுக்குத்தான் பஸ் ஏறுவார். அதனால பதினஞ்சு வருஷமா சொந்த வீட்டுல இருக்கிற மாமாவை விட, போன மாசம் திருவல்லிக்கேணி மேன்ஷன்ல வந்து தங்கியிருக்கிற பையனைக் கேளுங்க. அவனுக்குத்தான் எந்த பஸ், எவ்ளோ டிக்கெட், எந்த மெஸ்ல வயிறு கெடாதுன்னு கைவிரல்ல இருக்கும். மாமாவுக்குக் கோவம் வரும், பரவாயில்ல.

அடுத்தது கேள்வி. எங்க வேலையில "ஆப் வேலை செய்யல"ன்னு ஒருத்தர் டிக்கெட் போட்டா எரிச்சலா வரும். எந்த போன், என்ன அழுத்தினீங்க, என்ன வந்துச்சுன்னு சொன்னாத்தான் சரிபண்ண முடியும். ஊர் விஷயமும் அப்படித்தான். "அஞ்சு மணிக்கு கிளாம்பாக்கத்துல இறங்குறேன். பத்து மணிக்கு தி. நகர்ல இருக்கணும். கூட அம்மா, முழங்கால் வலி. ராத்திரி எழும்பூர்ல பொதிகை." இப்படிக் கேட்டா பதில் தானா வரும்: மாநகர பஸ்ல தாம்பரம், அங்க இருந்து லோக்கல் ட்ரெயின்ல மாம்பலம். இறங்கினா தி. நகர். அம்மா சாதாரண கட்டண பஸ்ல ஏறினா டிக்கெட்டே இல்ல. 2021-ல வந்த திட்டம். ஆனா முழங்கால் வலின்னு சொன்னதால, ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டை யோசிச்சு, "அம்மாவை நேரா தி. நகர் போற பஸ்லயே கூட்டிட்டுப் போ"ன்னும் ஒருத்தர் சொல்லலாம். அந்த ஒரு தகவல் இல்லேன்னா அந்தப் பதில் வராது.

ரயில்ல வந்தா கதை சுலபம். எழும்பூர் ஸ்டேஷனை ஒட்டியே மெட்ரோ.

வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சு, நாலு மணி நேரம் இருக்கு, எங்க போகலாம்? இதுல நம்ம சென்னைக்காரங்களை நம்பாதீங்க, நாம எங்கயும் போறதே இல்ல! எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை லீவு. வண்டலூர் ஜூ செவ்வாய்க்கிழமை லீவு. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் மதியம் நடை சாத்தி சாயங்காலம்தான் திறப்பாங்க. மத்தியான வெயில்ல மெரினாவுக்குப் போகச் சொல்றவர் உங்க நண்பரே இல்ல. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல போய் உட்காருங்க.

திரும்புறதுக்கு பஸ்னா ஒண்ணு கவனிங்க. டிக்கெட்ல ஏறும் இடம் என்னன்னு காலையிலயே பாத்துக்கணும். கிளாம்பாக்கம்னு இருந்தா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜிஎஸ்டி ரோட்டை நம்பிக் கிளம்பாதீங்க. தாம்பரம் வரைக்குமாவது ட்ரெயின்லயே போயிடுங்க.