தோல் சொல்லும் மூளை வருத்தம்

"மூளையில வருத்தம் எண்டா, கையில தோலை ஏன் எடுக்கிறாங்க?" பரம்பரை நரம்பு நோயுள்ள பிள்ளையின் உம்மா இப்படிக் கேட்டால் அது நியாயமான கேள்வியே. உயிரோடிருக்கும் பிள்ளையின் மூளையை வெட்டி ஆராய இயலாது. ஆனால் பரம்பரைப் பிழை கருவிலேயே வந்தது. எனவே மூளைக் கலத்திலுள்ள அதே பிழை தோல் கலத்திலும் இருக்கும். பச்சைப்பயறு அளவான தோல் துண்டைச் சத்துள்ள திரவத்தில் வைத்தால், சில வாரங்களில் கலங்கள் பெருகிப் பரவும்.

இதன் பயனை 1968இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் எலிசபெத் நியூஃபெல்டும் சகாக்களும் காட்டினர். அவர்கள் எடுத்துக்கொண்டவை ஹர்லர், ஹண்டர் எனும் இரு நோய்கள். இரண்டிலும் நீண்ட சீனிச் சங்கிலிகள் கலங்களுக்குள் தேங்கும். ஈரல் வீங்கும், மூட்டுகள் இறுகும். கடுமையான வகையில், பழகிய பேச்சையும் பிள்ளை இழந்துவிடும். கலம் அளவுக்கு மிஞ்சி உற்பத்தி செய்வதே காரணம் என்று முன்னர் எண்ணப்பட்டது. கதிர்வீசும் கந்தகத்தை அடையாளமாக இட்டுப் பார்த்தபோது, உடைத்து அகற்றுவதில்தான் கோளாறு என்று தெரிந்தது. குப்பை கூடவில்லை, அள்ள ஆளில்லை.

பிறகு இரு நோயாளரின் கலங்களையும் ஒன்றாக வளர்த்தார்கள். தேக்கம் நீங்கியது! ஒரு கலத்தின் வளர்ப்புத் திரவத்தை மட்டும் மற்றதற்கு ஊற்றினாலும் அதே பலன். ஒன்றிடம் இல்லாத நொதியம் மற்றதிடம் இருந்து கசிந்து வந்ததே காரணம் என்பது பின்னர் உறுதியானது. அப்படியானால் நொதியத்தை வெளியிலிருந்து கொடுக்கலாமே? ஹர்லருக்கான மருந்து 2003இலும் ஹண்டருக்கானது 2006இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஈரல் வீக்கம் குறைகிறது. ஆனால் இரத்தத்தில் ஏற்றும் அந்நொதியம் மூளைக்குள் போதியளவு புகுவதில்லை. அந்தத் தடையைத் தாண்டுவதே இன்றைய போராட்டம்.

2007இல் ஜப்பானின் ஷின்யா யமனகா குழுவினர் மனிதத் தோல் கலங்களை, வேறெந்தக் கலமாகவும் மாறவல்ல நிலைக்குத் திருப்பினர். அதனால் நோயாளியின் தோலிலிருந்து நரம்புக் கலத்தையே உருவாக்கி ஆராய இப்போது முடிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹர்லர் நோயில் உம்மா, வாப்பா இருவரிடமும் வெளித்தெரியாத பிழை ஒவ்வொன்று இருக்கும். இருவரிடமிருந்தும் அது சேர்ந்தால்தான் நோய். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்துக்குள் கலியாணம் முடித்தால் இருவரிடமும் ஒரே பிழை இருக்கும் சாத்தியம் கூடும். ஹண்டர் பெரும்பாலும் உம்மா வழியாக மகனுக்கு வரும், சிலவேளை புதிதாகவும் தோன்றும். இதில் எவரும் வேண்டுமென்று செய்தது எதுவுமில்லை. "உம்மாட குத்தம்" என்று பேசுவோருக்கு அந்தச் சிறு தோல் துண்டு சொல்லும் பதில் இதுதான்: பிள்ளையிடம் இல்லாதது ஒரு நொதியம், அவ்வளவுதான்.