ஊனப் பென்ஷன் வழக்கு: செலவு யார் தலையில்?

பட்டாளத்தில் ஆள் எடுக்கும்போது உச்சி முதல் உள்ளங்கால் வரை டாக்டர்கள் சோதிக்கிறார்கள். பல ஆண்டு கழித்து அதே ஆள் நோயாளியாக வீடு திரும்பும்போது, "நோய்க்கும் ராணுவ வேலைக்கும் சம்பந்தமில்லை" என்று மருத்துவ போர்டு எழுதிவிட்டால் ஊனப் பென்ஷன் கிடையாது. அந்த ஒரு வரியை மாற்றத்தான் ஜவான்கள் கோர்ட்டுப் படி ஏறுகிறார்கள். அவர்கள் ஜெயித்தாலும் சர்க்கார் விடுவதில்லை. மேல் கோர்ட்டுக்குப் போகிறது.

19 ஆண்டு அலைச்சல்

சிக்னல்ஸ் பிரிவில் 1985-ல் சேர்ந்த ஒரு சிப்பாய், வலிப்பு நோயால் 1994-ல் வெளியே அனுப்பப்பட்டார். ஊனம் 20 சதவிகிதம். பென்ஷன் மறுக்கப்பட்டது. ஹிமாசலப் பிரதேச ஐகோர்ட்டில் தனி நீதிபதி முன் ஜெயித்தார். சர்க்கார் அப்பீல் செய்ய, பெஞ்சில் தோற்றார். கடைசியில் 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அவருக்குப் பென்ஷன் வழங்கியது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், நிரூபிக்கும் பொறுப்பு ஜவான் மீது இல்லை என்றும் கூறியது.

880 அப்பீல்கள்

ஊனம் 50 சதவிகிதத்துக்குக் குறைவானால் 50 என்று கணக்கிட்டுப் பென்ஷன் தரும் முறை 1996 முதல் உண்டு. நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கே அது பொருந்தும் என்றது சர்க்கார். சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அன்று சுமார் 880 அப்பீல்கள் ஒரே மூச்சில் தள்ளுபடியாயின.

இத்தகைய வழக்குகளைக் குறைக்க வழி காண, ராணுவ அமைச்சகமே 2015-ல் நிபுணர் குழு அமைத்தது. ஆனாலும் 2025 ஜூலையில் டெல்லி ஐகோர்ட், ஊனப் பென்ஷனை எதிர்த்து சர்க்கார் போட்ட சுமார் 300 மனுக்களைத் தள்ளுபடி செய்தது.

வரிப்பணம்

ஒவ்வொரு அப்பீலுக்கும் சர்க்கார் வக்கீலுக்கு ஃபீஸ், பழைய ரிக்கார்டுகளைத் தேடும் சிப்பந்திகளின் வேலை நாட்கள், நீதிபதிகளின் நேரம். தோற்றால் பாக்கிப் பென்ஷனையும் கொடுத்தாக வேண்டும். தகுதியில்லாத கோரிக்கைகளைத் தடுப்பது சர்க்காரின் கடமைதான். ஆனால் சுப்ரீம் கோர்ட் தீர்த்துவைத்த விஷயத்தையே மறுபடி கிளப்புவது, பொதுமக்கள் பணத்தைக் கரைப்பதேயாகும்.

மும்பைத் தமிழர் கவனத்துக்கு

பட்டாளத்திலிருந்து வந்து மும்பையில் குடியிருப்பவர்கள் வழக்குப் போட ஊருக்கு ஓட வேண்டியதில்லை. ராணுவ டிரிப்யூனலின் மும்பை பெஞ்சிலேயே மனு செய்யலாம். காலம் கடத்துவது நஷ்டம். தாமதமாக வந்தவருக்கு மனுத் தேதிக்கு முந்தைய 3 ஆண்டு பாக்கியே உண்டு என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் ஓர் ஊனப் பென்ஷன் வழக்கில் கூறியுள்ளது. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துள்ளன. அதன்பின் வெளியேறியவர்கள் அவற்றைப் பார்த்தே மனு எழுத வேண்டும்.

ஜவான் தாமதித்தால் அவன் பணம் போகிறது. சர்க்கார் இழுத்தடித்தாலோ ஊர்ப் பணம் போகிறது.