எண்ணும் பெயரும்

திருவரங்கத்திலிருந்து பேருந்தில் வந்து காந்தி மார்க்கெட்டில் இறங்கும்போதெல்லாம் காய்கறி மூட்டைகளையும் கூட்டத்தையும் கண்டிருக்கிறேனேயன்றி, அங்குள்ள போர் நினைவுச் சின்னத்தை நின்று பார்த்ததில்லை. சென்ற ஆண்டு ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோதுதான் அதன் கல்வெட்டைப் படித்தேன். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இங்கிருந்து சென்றவர் 302 பேர். அவருள் உயிர் நீத்தவர் 41 பேர் என்கிறது அக்கல். யார் அந்த 41 பேர்? கல் சொல்லவில்லை.

அன்றைய சென்னை மாகாணத்தின் ஊர்கள் பலவற்றில் இவ்வாறு எண்ணிக்கை மட்டும் பொறித்த கற்கள் உள்ளன. ஈராக்கிலுள்ள பாஸ்ரா நினைவகத்திலும் ஆங்கிலேயர்க்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கை மட்டுமே. இத்தகைய வேற்றுமைகளுக்காகக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் மன்னிப்புக் கோரியது.

நம் மரபு இதுவன்று. வீரனுக்குக் கல் நடும் முறையைக் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல், ஆநிரைப் பூசலில் மாண்ட தீயன் அந்தவன் என்பானின் பெயரை இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நமக்குச் சொல்கிறது.

நம் ஊரிலேயே வேறொரு சான்றும் உண்டு. 1999ஆம் ஆண்டு கார்கில் போரில், மே 29 அன்று பட்டாலிக் மலைப்பகுதியில் வீழ்ந்தவர் பீகார் படைப்பிரிவைச் சேர்ந்த மேஜர் சரவணன். அவருடைய உடலை மீட்கவே ஒரு மாதத்திற்கு மேலாயிற்று. மறைவுக்குப் பின் வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. இன்று கன்டோன்மென்ட் பகுதியில் அவர் பெயரால் நினைவுத்தூண் நிற்கிறது. அவ்வழியே செல்லும் சிறுவன் “யார் இவர்?” என்று கேட்டால் தந்தையால் விடை சொல்ல முடியும். மார்க்கெட்டில் கேட்டால் என்ன சொல்வது?

மேனாட்டுப் பள்ளிகள் பலவற்றில், போரில் மாண்ட முன்னாள் மாணவர்களின் பெயர் பொறித்துத் தோட்டம் அமைத்திருக்கிறார்கள். நம் பள்ளி, கல்லூரிகளும் இதைச் செய்யலாம். பெருஞ்செலவு வேண்டியதில்லை, பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டும் பொறுமையும், ஆளுக்கொரு மரமும், ஒரு பெயர்ப்பலகையும், நாள்தோறும் தண்ணீர் ஊற்றும் கைகளும் போதும்.

என் வகுப்புத் தோழர் இருவர் என்.சி.சி.யில் பயிற்சி பெற்று இராணுவத்தில் சேர விண்ணப்பித்திருக்கிறார்கள். அவர்களுக்காக அங்கே மரம் நடும் நாள் வரவே வேண்டாம். ஆனால் எக்காலத்தும் அவர்கள் எங்களுக்கு வெறும் எண்ணாகிவிடக் கூடாது.