சிட்ரிக் அமிலம்: கால்சியத்தைப் பற்றும் புளிப்பு

பழத்திலிருந்து பூஞ்சைக்கு

எலுமிச்சை, நாரத்தை போன்ற பழங்களின் புளிப்புக்கு முதன்மைக் காரணமாகிய சிட்ரிக் அமிலத்தை, ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1784-ஆம் ஆண்டில் எலுமிச்சைச் சாற்றிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தார். அச்சாற்றில் ஏறத்தாழ 5 முதல் 6 விழுக்காடு வரை இவ்வமிலம் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய எலுமிச்சையே உலகச் சந்தைக்கு முதன்மை மூலப்பொருளாக இருந்தது. ‘அஸ்பெர்ஜில்லஸ் நைகர்’ என்னும் கரும்பூஞ்சை, உரிய சூழலில் சர்க்கரைக் கரைசலில் வளரும்போது இவ்வமிலத்தை மிகுதியாகச் சுரப்பதை அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் கரி 1917-இல் நிறுவியபின், தொழில் படிப்படியாக அம்முறைக்கு மாறியது. மளிகைக் கடைகளில் ‘லெமன் சால்ட்’ என்று விற்கப்படும் வெண்ணிறத் தூளும் பெரும்பாலும் இவ்வாறு பெறப்பட்டுத் தூய்மையாக்கப்பட்டதே. மனித உடலுக்கும் இது அயற்பொருளன்று. உயிரணுக்கள் உணவிலிருந்து ஆற்றலைப் பெறும் வேதிவினைச் சுழற்சியில் இது இடையறாது தோன்றி மாறிக்கொண்டே இருக்கிறது.

சமையலறையில்

பால் திரிந்து பனீர் ஆவதற்கும், பழக்கூழிலுள்ள பெக்டின் இறுகி ஜாம் ஆவதற்கும், நறுக்கிய ஆப்பிள் கறுக்காமல் இருப்பதற்கும் இப்புளிப்பு உதவுகிறது. பொதிந்த உணவுகளின் உறையில் 330 என்ற எண்ணால் குறிக்கப்படுவதும் இதுவே. உணவின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் கொடிய நச்சை உண்டாக்கும் பாட்டுலினம் நுண்ணுயிர் பெருக இயலாது. அதனால்தான் தக்காளியைக் காற்றுப்புகாப் புட்டிகளில் அடைக்கும்போது இவ்வமிலம் சேர்க்கப்படுகிறது. ஆயினும் இதனை வைட்டமின் சி என்று கருதுவது பிழை. வைட்டமின் சி என்பது அஸ்கார்பிக் அமிலம் என்னும் வேறொரு பொருள். லெமன் சால்ட் கலந்த சர்பத்தில் புளிப்பு இருக்குமேயன்றி எலுமிச்சையின் ஊட்டம் இராது.

மருத்துவத்தில்

சிட்ரிக் அமிலமும் அதன் உப்புகளாகிய சிட்ரேட்டுகளும் கால்சியத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. குருதி உறைவதற்குக் கால்சியம் இன்றியமையாதது; எனவே குருதியில் சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்தால் அது உறையாமல் நிற்கும். 1914-இல் பெல்ஜியத்தில் ஆல்பர்ட் உஸ்தானும் அர்ஜென்டினாவில் லூயிஸ் அகோதேயும் இம்முறையை மனிதரிடம் கையாண்டனர். கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே வேளையில் ஓரிடத்தில் இருந்தாக வேண்டிய நிலை அதனால் மாறியது. இன்று குருதி வங்கிகள் பயன்படுத்தும் சி.பி.டி.ஏ. என்ற கரைசலில் முழுக் குருதியை 35 நாள்வரை சேமிக்க முடிகிறது. உயிர்காக்கும் இவ்வேற்பாடு, சமையலறைப் புளிப்பின் நெருங்கிய உறவுப் பொருளால் இயல்கிறது என்பது வியப்புக்குரியது.

சிறுநீரகத்திலும் அதே இயல்பு பணிசெய்கிறது. சிறுநீரகக் கற்களுள் பெரும்பாலானவை கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்து படிவதால் உருவாகின்றன. சிறுநீரில் சிட்ரேட் போதிய அளவு இருந்தால் அது கால்சியத்தைத் தன்னுடன் பிணைத்துக்கொண்டு படிகம் வளர்வதைத் தடுக்கிறது. சிட்ரேட் குறைந்தவர்களுக்கு எலுமிச்சைச் சாறு கலந்த நீரைப் பரிந்துரைப்பதும், பொட்டாசியம் சிட்ரேட் மருந்து கொடுப்பதும் இக்காரணத்தாலேயே. ஆனால் ஏற்கெனவே உருவான கால்சியக் கல்லை எலுமிச்சைச் சாறு கரைத்துவிடும் என்று நம்பி, வலியுடன் நாள்களைக் கடத்துவது சிறுநீரகத்துக்கே கேடாக முடியலாம். பொட்டாசியம் சிட்ரேட்டையும் தாமாக வாங்கி உண்ணலாகாது. சிறுநீரகச் செயல்பாடு குன்றியவர்களுக்குக் குருதியில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கப்படும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில், ஒரு லிட்டர் நீருக்கு 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட் உள்ளது. உடலில் பைகார்பனேட்டாக மாறி, வயிற்றுப்போக்கால் மிகும் அமிலத்தன்மையை இது சீர்செய்கிறது. முன்பு சேர்க்கப்பட்ட பைகார்பனேட்டைக் காட்டிலும், ஈரப்பதம் மிகுந்த வெப்ப நாடுகளில் இது கெடாமல் இருப்பதே மாற்றத்துக்குக் காரணம்.

பற்களுக்கு நேரும் தீங்கு

பல்லின் வெளிப்பூச்சாகிய எனாமலும் கால்சியச் சேர்மமே. ஆதலால் நன்மை தரும் அதே இயல்பு இங்கே தீங்காகிறது. வாயின் பி.ஹெச். ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் அளவோ 2 முதல் 3 வரை. புளிப்புப் பானத்தை நெடுநேரம் உறிஞ்சிக்கொண்டிருப்பதும், புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிவைப்பதும் ஒரே மடக்கில் குடிப்பதைவிடக் கேடானவை. அருந்தியபின் வெறும் நீரால் வாய் கொப்பளித்து, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்க வேண்டும். மென்மையடைந்த எனாமலை உடனே தேய்த்தால் அது மேலும் தேயும்.

துப்புரவுப் பணியில்

ஆழ்துளைக் கிணற்று நீரால் கெட்டிலிலும் வாட்டர் ஹீட்டரிலும் படியும் வெண்ணிற உப்புப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வெந்நீரில் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து ஊற்றிச் சிறிது நேரம் விட்டால், கரியமில வாயு குமிழிட்டு வெளியேற, படிவு கரைந்து நீங்கும். பளிங்குத் தரையும் கால்சியம் கார்பனேட்டே என்பதால், அதன்மேல் இக்கரைசல் பட்டால் மெருகு அழிந்துவிடும். தூள் கண்ணில் தெறித்தால் கடும் எரிச்சல் உண்டாகும். உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். எல்லாவற்றிலும் ஆபத்தானது, கழிப்பறையைத் தூய்மை செய்யும்போது இதனைப் பிளீச்சிங் பவுடருடன் கலப்பதாகும்: அக்கலவையிலிருந்து நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு வெளிப்படுவதால், தவறிக் கலந்துவிட்டால் உடனே அவ்விடத்தை விட்டு வெளியேறித் திறந்த காற்றுக்கு வர வேண்டும், மூச்சுத்திணறலோ தொடர் இருமலோ இருந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.